புற்றுக்கட்டியை அடையாளம் காட்டிய சுண்டெலிகள்

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று வீண் முயற்சியைச் சொல்வது நம்மவர் வழக்கம். மருத்துவ ஆராய்ச்சியில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. சுண்டெலிக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயைத் துருவப் போனவர்கள், உடலின் காவல் முறையையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று புற்றுநோய்க்கு அளிக்கப்படும் நோய் எதிர்ப்புச் சிகிச்சைகளின் வேரைத் தேடிச் சென்றால், நியூயார்க்கிலும் லண்டனுக்கு வெளியே ஒரு கிராமப்புறத்திலும் வளர்க்கப்பட்ட எலிக்கூண்டுகளில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கிருமி உடலுக்குள் நுழைந்தால் உடல் அதை எதிர்ப்பதில் வியப்பில்லை. கிருமி அந்நியன். ஆனால் புற்று அந்நியனல்ல. அது உடலின் சொந்த உயிரணு. கட்டுப்பாட்டை இழந்து பெருகுகிறது, அவ்வளவுதான். வீட்டுப் பிள்ளையே திருடனாகிவிட்டால் வாசலில் நிற்கும் காவல்காரன் என்ன செய்வான்? இந்தக் கேள்விக்கு விடை காண ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. விடைக்கு வழி திறந்தது வைரஸ் கிருமியால் உண்டாகும் புற்று. அதில் மட்டும்தான் சொந்தமும் அந்நியமும் ஒரே உயிரணுவுக்குள் கலந்திருக்கின்றன.

நம்ப மறுத்த உலகம்

கிருமியால் புற்று வரும் என்பதையே முதலில் யாரும் ஏற்கவில்லை. 1911இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் பெய்டன் ரௌஸ், கோழியின் சதையில் வந்த புற்றை அரைத்து, உயிரணு எதுவும் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் புற்று வந்தது. கோழிக்குத்தானே என்று ஒதுக்கிவிட்டார்கள். ரௌஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது 1966இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க அவருக்கு ஆயுள் இருந்தது!

அடுத்து வந்தவர் லுட்விக் கிராஸ். போலந்தின் கிராக்கோவ் நகரில் பிறந்த யூத மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் நாஜிப் படைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்து, ராணுவ மருத்துவரானார். ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்காத நாள்களில் தம் எலிகளைக் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டு திரிந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பின்னர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் அவருக்குச் சிறு ஆய்வறை கிடைத்தது.

'ஏகே' என்ற வம்சத்து எலிகளில் பெரும்பாலானவை வளர்ந்தபின் இரத்தப் புற்றுநோயால் தாமாகவே இறந்துவிடும். இதற்குக் காரணம் ஒரு கிருமிதான் என்று கிராஸ் உறுதியாக நம்பினார். ஆனால் அந்த எலிகளின் சாற்றை வடிகட்டி வேறு வம்ச எலிகளுக்குச் செலுத்தினால் எதுவும் நடக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் தோல்வி. அந்த வேளையில்தான், காக்சாகி என்ற கிருமி பிறந்த எலிக்குஞ்சுகளை மட்டுமே எளிதில் தாக்குகிறது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. தம் சாற்றைப் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அவை வளர்ந்து இரத்தப் புற்றுநோய் கண்டன. 1951இல் முடிவு வெளியானது. பலரும் நம்பவில்லை.

குஞ்சுக்கு வருவது வளர்ந்த எலிக்கு ஏன் வருவதில்லை? கிராஸின் கண்டுபிடிப்புக்குள் புதைந்து கிடந்த உண்மையான கேள்வி இதுதான். கிருமி ஒன்றே, மருந்தளவு ஒன்றே. வளர்ந்த எலியிடம் ஏதோ ஒரு தடுப்பு இருந்திருக்க வேண்டும்.

1956இல் ஷார்லட் ஃபிரெண்ட் என்ற பெண் அறிவியலாளர், வளர்ந்த எலிகளிலேயே மண்ணீரலை வீங்கச் செய்து சில வாரங்களில் நோயாக்கும் இன்னொரு இரத்தப் புற்றுக் கிருமியை அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார். அரங்கில் கிடைத்தது பாராட்டு அல்ல, கடும் எதிர்ப்பு. சில ஆண்டுகளில் எதிர்த்தவர்களே அந்தக் கிருமியைக் கேட்டு வாங்கி ஆராயும் நிலை வந்தது. அவர் பெயரையே தாங்கிய 'ஃபிரெண்ட் கிருமி' பின்வரும் கதையில் பலமுறை தலைகாட்டும். 1960இல் ஜான் மலோனி கண்ட கிருமியும், 1962இல் ஃபிராங்க் ரௌஷர் கண்ட கிருமியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

குதிரை லாயத்தில் ஒரு கண்டுபிடிப்பு

பிரான்சின் நீஸ் நகரில் 1931இல் பிறந்து, ஷாங்ஹாயிலும் சிட்னியிலும் வளர்ந்த ஜாக் மில்லர் என்ற இளம் மருத்துவர், 1950களின் இறுதியில் லண்டனின் செஸ்டர் பீட்டி புற்றுநோய் ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது நகருக்கு வெளியே போலார்ட்ஸ் வுட் என்ற இடத்தில், குதிரை லாயத்தை மாற்றியமைத்து உருவாக்கிய ஆய்வறை. கையில் எடுத்தது கிராஸ் கிருமி.

அந்தக் கிருமி தரும் புற்று, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் தொடங்கும். அந்தச் சுரப்பிக்கு அன்று மதிப்பே இல்லை. லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் சாவதற்காக வந்து சேரும் இடுகாடு என்றே பலர் நினைத்திருந்தனர். அதை வெட்டியெடுத்தால் எலிக்கு இரத்தப் புற்று வருவதில்லை என்பது மட்டும் 1944 முதல் தெரிந்திருந்தது.

மில்லரின் சோதனை எளிமையானது. பிறந்த குஞ்சுக்குக் கிருமியைச் செலுத்தினார். ஒரு மாதம் கழித்துத் தைமஸை எடுத்தார். நோய் வரவில்லை. சில மாதங்கள் சென்று வேறொரு தைமஸை அதே எலியில் ஒட்டினார். நோய் வந்தது. அப்படியானால் கிருமி வேறெங்கோ பதுங்கியிருக்கிறது. சரி, தைமஸ் இல்லாமலே அது உடலில் பெருகுமா? இதற்கு விடை வேண்டுமென்றால், கிருமியைச் செலுத்துவதற்கு முன்பே தைமஸை எடுக்க வேண்டும். கிருமியோ பிறந்த குஞ்சிடம்தான் வேலை செய்யும். ஆகவே, ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல் எடையுள்ள குஞ்சின் நெஞ்சைத் திறந்து, பொட்டளவு சுரப்பியை எடுக்கும் அறுவைக்கு அவர் தம்மைப் பழக்கிக்கொண்டார்.

எதிர்பாராதது நடந்தது. கிருமி செலுத்தப்படாத குஞ்சுகள்கூட, பால்குடி மறந்த சில வாரங்களில் மெலிந்து, நோயுற்று, மடிந்தன. அவற்றின் இரத்தத்தில் லிம்போசைட் மிகக் குறைவாக இருந்தது. வேறு வம்ச எலியின் தோலை ஒட்டினால் அந்த எலிகள் அதைத் தள்ளிவிடவில்லை, ஏற்றுக்கொண்டன. தைமஸ் இடுகாடு அல்ல, காவலர் பயிற்சிப் பள்ளி! 1961 செப்டம்பரில் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் இந்தச் செய்தி வெளியானது. அதன் பிறகும் தைமஸுக்கு இவ்வளவு பெரிய பங்கு இருக்க முடியாது என்றவர்கள் உண்டு. மில்லர் ஆஸ்திரேலியா திரும்பி, மெல்பர்ன் வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வுக் கழகத்தில் கிரஹாம் மிட்செல் என்ற மாணவருடன் சேர்ந்து, லிம்போசைட் ஒன்றல்ல, இரண்டு இனம் என்று 1968இல் நிறுவினார். தைமஸில் பயின்று வருபவை டி அணுக்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து, எதிர்பொருள் என்ற புரதத்தைச் சுரப்பவை பி அணுக்கள்.

புற்றுக் கிருமியைத் தேடியவர் டி அணுவைக் கண்டார் என்பது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் ஒரு பழைய கேள்விக்கு விடையும் தந்தது. போலியோமா என்ற கிருமி, பிறந்த எலிக்குப் பலவிதக் கட்டிகளைத் தரும். வளர்ந்த எலியை ஒன்றும் செய்யாது. பிறந்தவுடன் தைமஸ் எடுக்கப்பட்ட எலிகளோ வளர்ந்த பிறகும் அந்தக் கட்டிக்கு ஆளாயின. குஞ்சிடம் இல்லாமல் வளர்ந்த எலியிடம் இருந்த அந்தத் தடுப்பு எது என்பது தெரிந்துவிட்டது.

ஒரே முத்திரை

மில்லரின் கட்டுரை வந்த அதே 1961இல், இரு வேறு நாடுகளில் ஒரே முடிவு கிட்டியது. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் ஓலோஃப் ஷோக்ரென், இங்கெயர்ட் ஹெல்ஸ்ட்ரோம், ஜார்ஜ் கிளைன் ஆகியோரும், அமெரிக்காவில் கார்ல் ஹேபலும், போலியோமா கிருமியை முன்கூட்டியே செலுத்திப் பழக்கிய எலிகளுக்குப் போலியோமா கட்டியை ஒட்டிப் பார்த்தார்கள். எலிகள் கட்டியைத் தள்ளிவிட்டன.

இதில் முக்கியமான செய்தி வேறு. இரசாயனப் பொருளால் உண்டாகும் கட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அடையாளம். ஒரு கட்டிக்கு எதிராகப் பழகிய எலி இன்னொரு கட்டியைத் தடுப்பதில்லை. ஆனால் ஒரே கிருமி உண்டாக்கிய கட்டிகள் அனைத்தும், எந்த எலியில் வந்தாலும், ஒரே முத்திரையைத் தாங்கியிருந்தன. தடுப்பூசி என்ற எண்ணத்துக்கே அடித்தளம் இதுதான். ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளத்துக்கு ஊசி தயாரிப்பது கடினம். எல்லாருக்கும் பொதுவான முத்திரை என்றால் கதை வேறு.

அந்த மூவரில் ஒருவரான ஜார்ஜ் கிளைன் 1944இல் புடாபெஸ்டில் நாஜிகளின் பிடியிலிருந்து தப்பியோடி உயிர் பிழைத்த யூத இளைஞர். கிராஸ், கிளைன் என்று, போர் துரத்திய பலர் இந்த எலிகளின் கதையில் வந்து சேர்வது கவனிக்கத்தக்கது.

முத்திரை இருக்கிறது என்பது தெரிந்தது. அது என்ன, எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. பல போலியோமா கட்டிகளில் முழுக் கிருமியே இல்லை. இருந்தும் எலி அவற்றை அடையாளம் கண்டது. இரத்தத்தில் உள்ள எதிர்பொருளை வைத்து இதை விளக்க முடியவில்லை. கட்டியைக் கொல்வது டி அணுதானா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி சுவிட்சர்லாந்தின் லௌசான் நகரிலிருந்து வந்தது. 1968இல் கே. டி. புரூனரும் ழான்-ஷார்ல் செரோட்டினியும் அவர்களுடைய குழுவினரும், உயிரோடுள்ள கட்டி அணுக்களைக் கதிரியக்கக் குரோமியத்தில் ஊறவைத்தார்கள். அணு உயிரோடிருக்கும்வரை குரோமியம் பெரும்பாலும் உள்ளேயே தங்கும். அதன் சுவர் உடைந்தால் வெளியே கசியும். எலியின் வெள்ளையணுக்களைச் சேர்த்துச் சில மணி நேரம் வைத்து, கசிவை அளந்தால் எத்தனை அணு செத்தது என்று கணக்கிடலாம். கொலை நடந்த இடத்தில் சிந்திய இரத்தத்தை அளப்பது போன்ற வேலை.

இந்தச் சோதனைக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது மலோனி 1966இல் கண்ட இன்னொரு கிருமி. அதை வளர்ந்த எலியின் தொடைத் தசையில் செலுத்தினால் சில நாள்களில் சதைப்புற்று எழும், பெரிதாகும், பிறகு யாரும் எதுவும் செய்யாமலே சுருங்கி மறைந்துவிடும். டி அணு இல்லாத எலியில் அது மறைவதில்லை, எலியைக் கொன்றுவிடும். கட்டி வளர்ந்து தேயும் அந்த நாள்களில் எலியின் மண்ணீரலிலிருந்து வெள்ளையணுக்களை எடுத்துக் குரோமியச் சோதனையில் இட்டால், கட்டி அணுவைக் கொல்வது டி அணுதான் என்பது எண்களில் தெரிந்தது.

தாம்பாளம் யாருடையது?

அடுத்த திருப்பம் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில். 1973இல் சுவிட்சர்லாந்துக்காரர் ரோல்ஃப் ஸிங்கர்நாகலும், கால்நடை மருத்துவம் படித்த ஆஸ்திரேலியர் பீட்டர் டோஹர்டியும் ஒரே ஆய்வறையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். எலியின் மூளையைத் தாக்கும் ஒரு கிருமிதான் அவர்கள் ஆராய்ந்தது. அது புற்றுக் கிருமியன்று. கிருமி தொற்றிய எலியின் டி அணு, அதே கிருமி தொற்றிய இன்னோர் உயிரணுவைக் கொல்லுமா? கொன்றது. ஆனால் இரண்டும் ஒரே 'எச்-2' வகையைச் சேர்ந்திருந்தால் மட்டுமே. எச்-2 என்பது உயிரணுவின் மேல் நிற்கும் ஒரு புரதத் தொகுதி. அதுவரை ஒருவர் தோலை இன்னொருவருக்கு ஒட்ட முடியாமல் தடுக்கும் தொல்லையாகவே அது அறியப்பட்டிருந்தது. மனிதரில் இதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர், சிறுநீரக மாற்றத்துக்குப் பொருத்தம் பார்ப்பது இதைத்தான்.

இதை நம் வீட்டு வழக்கத்தில் சொல்வதானால் தாம்பாளத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டிலும் தாம்பாளத்தின் வேலைப்பாடு வேறு. காவல்காரன் தாம்பாளத்தில் வைத்திருக்கும் பொருளை மட்டும் பார்ப்பதில்லை. தாம்பாளத்தையும் சேர்த்தே பார்க்கிறான். தன் வீட்டுத் தாம்பாளத்தில் அந்நியப் பொருள் இருந்தால்தான் அவன் கை ஓங்கும். அடுத்த வீட்டுத் தாம்பாளத்தில் அதே பொருள் இருந்தாலும் பேசாமல் இருந்துவிடுவான். 1974இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு 1996இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

புற்றுக்கும் இந்த விதி பொருந்துமா? இரண்டே ஆண்டில் விடை வந்தது. 1976இல் பாரிசில் ழான்-பால் லெவியின் குழு மலோனி கட்டியிலும், நியூயார்க்கில் ஃபிராங்க் லில்லியின் குழு ஃபிரெண்ட் கட்டியிலும் இதே கட்டுப்பாட்டைக் கண்டன. லில்லிக்கு இது பழைய கணக்கு தீர்ந்தது போல் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் 1964லேயே அவரும் எட்வர்ட் பாய்ஸும் லாய்ட் ஓல்டும், கிராஸ் கிருமியால் எந்த எலிக்கு நோய் வரும், எதற்கு வராது என்பதை எச்-2 வகை தீர்மானிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஒரு நோய்க்கும் இந்தப் புரதத் தொகுதிக்கும் உள்ள தொடர்பு கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. காரணம் மட்டும் அன்று தெரியவில்லை. காவல்காரன் தாம்பாளத்தையும் பார்க்கிறான் என்றால், சில தாம்பாளங்களில் கிருமித் துண்டு நன்றாக உட்காரும், சிலவற்றில் உட்காராது என்பதும் புரிந்துவிடுகிறது அல்லவா?

ஆனால் துண்டு என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் வரவில்லை. கிருமியின் முழுப் புரதமும் எச்-2வும் அருகருகே நிற்பதாகவே பலர் கருதினர். இங்கு ஒரு பழைய முடிச்சு குறுக்கிட்டது. எஸ்.வி.40 என்ற கிருமி உயிரணுவைப் புற்றாக்கப் பயன்படுத்தும் முக்கியப் புரதத்துக்கு 'பெரிய டி' என்று பெயர். (இந்த டி வேறு, டி அணுவின் டி வேறு. இது ஆங்கிலத்தில் கட்டியைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. பெயர் வைத்தவர்கள் பின்னால் வரப்போகும் குழப்பத்தை எண்ணிப் பார்க்கவில்லை.) அந்தப் புரதம் பெரும்பாலும் உயிரணுவின் கருவுக்குள் இருக்கிறது. வெளியே சுற்றும் டி அணு, உள்ளறையில் இருப்பதை எப்படிப் பார்த்தது?

1986இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் டௌன்செண்ட் ஃபுளூ கிருமியை வைத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே உள்ள புரதம் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. சிறு துண்டு மட்டும் மேலே வருகிறது. டி அணு பார்ப்பது அதைத்தான். அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பமேலா பியார்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ராமிங்கர் ஆகியோர் மனிதத் தாம்பாளம் ஒன்றின் வடிவத்தைப் படிகமாக்கிப் படம்பிடித்தார்கள். நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஏதோ ஒரு துண்டு! எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டுகள்தான் அங்கே உட்காருகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. பெரிய டி புரதத்தின் எந்தெந்தத் துண்டுகளை எலியின் டி அணுக்கள் தேடுகின்றன என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சத்வீர் தெவேத்தியாவின் குழு ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தது.

ஓர் எழுத்து மாறினால்

இந்த முழு வரலாற்றிலும் மிக நுட்பமான கட்டம் 1996இல் நெதர்லாந்தில் வந்தது. எலி இரத்தப் புற்றுக் கிருமிகளில் இரு கிளைகள் உண்டு. கிராஸ் கிருமியின் உறவினர் ஒரு கிளை. ஃபிரெண்ட், மலோனி, ரௌஷர் மற்றொரு கிளை. முதல் கிளை உண்டாக்கிய கட்டியைக் கொல்லும் டி அணுக்கள், இரண்டாம் கிளையின் கட்டியைத் தொடுவதே இல்லை. அந்த டி அணுக்கள் தேடும் துண்டில் எட்டு அமினோ அமிலங்கள். இரு கிளைகளிலும் ஏழு ஒன்றே. முதலாவது மட்டும் வேறு: ஒன்றில் லைசின், மற்றதில் ஆர்ஜினின்.

அந்த ஒரு மாற்றம் டி அணுவின் கண்ணை ஏமாற்றிவிட்டதா? இல்லை. ஃபெரி ஓசென்டார்ப், கேஸ் மெலிஃப் குழுவினர் கண்டது வேறு. உயிரணுவுக்குள் புரதங்களை வெட்டும் புரோட்டியாசோம் என்ற கத்தி, ஆர்ஜினினைக் கண்டால் அதன் பக்கத்திலேயே வெட்டிவிடுகிறது. துண்டு முழுதாக வெளியே வருவதற்குள் சிதைந்துபோகிறது. தாம்பாளம் இருக்கிறது, காவல்காரன் இருக்கிறான், வைக்கவேண்டிய பொருளை அடுக்களையிலேயே நறுக்கிப் பாழாக்கிவிட்டார்கள். புற்று தப்பிவிடுகிறது.

தப்பும் வழி அது ஒன்றுதானா? 1984இல் லண்டனில் ஹுய் காம் மான், ஃபிராங்க் குரோஸ்வெல்ட், ஹிலியர்ட் ஃபெஸ்டன்ஸ்டைன் ஆகியோர் ஏகேஆர் வம்ச எலியின் இரத்தப் புற்று ஒன்றை ஆராய்ந்தார்கள். கிராஸ் பயன்படுத்திய வம்சத்தின் வழிவந்த எலி அது. அந்தப் புற்று அணுக்கள் ஒருவகைத் தாம்பாளத்தையே வீசியெறிந்திருந்தன. ஆய்வாளர்கள் அந்தத் தாம்பாளத்துக்குரிய மரபணுவைப் புற்று அணுவுக்குள் திரும்பச் செலுத்தினார்கள். எலி அந்தப் புற்றைத் தள்ளிவிட்டது. இவர்களுள் ஹுய் பின்னர் சிங்கப்பூர் வந்து, தேசியப் புற்றுநோய் மையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

மூன்றாவது வழி இன்னும் விநோதமானது. ஃபிரெண்ட் கிருமியிலிருந்து குணமான எலிகளின் உடலில் சிறிதளவு கிருமி ஆயுள் முழுதும் தங்கிவிடும். பார்வைக்கு ஆரோக்கியமான அந்த எலிகளுக்குக் கிருமிக் கட்டியை ஒட்டினால், அவற்றால் தள்ள முடியவில்லை என்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள ராக்கி மௌண்டன் ஆய்வகம் 2001இல் காட்டியது. கொல்லும் டி அணுக்களை இன்னொரு வகை டி அணுக்களே அடக்கிவைத்திருந்தன. அடக்கும் அணுக்கள் உண்டு என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடிய ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும், மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025இல் நோபெல் பரிசு கிடைத்தது. இதன் மூலக்கதையும் மில்லர் செய்த அறுவைக்கே போகிறது. மில்லர் பிறந்த நாளிலேயே தைமஸை எடுத்தார். எலி எதிர்ப்பாற்றலை இழந்தது. 1969இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூன்றாம் நாள் எடுத்தார்கள். எலியின் உடல் தன் சொந்த உறுப்புகளையே தாக்கியது. இரண்டு நாள் இடைவெளியில் இவ்வளவு வேறுபாடு!

எலியிலிருந்து மனிதருக்கு

தப்பும் வழிகள் பல என்றாலும் வெற்றிகளும் உண்டு. 1981இல் அமெரிக்காவின் சியாட்டலில் பிலிப் கிரீன்பர்க் குழுவினர், ஃபிரெண்ட் கிருமி தந்த இரத்தப் புற்று உடலெங்கும் பரவிவிட்ட எலிகளுக்கு மருந்தோடு சேர்த்து, பழக்கப்பட்ட டி அணுக்களைச் செலுத்திக் குணப்படுத்தினார்கள். இதில் கொல்லும் வகையல்ல, உதவி வகை டி அணுவே போதுமானதாக இருந்தது பலருக்கும் வியப்பு. 1989இல் நெதர்லாந்தில் மார்ட்டின் காஸ்ட், மெலிஃப் குழுவினர், அடினோ வைரஸின் மரபணுவால் உண்டான பெரிய கட்டிகளை, ஒரே ஒரு துண்டைத் தேடும் டி அணுக்களைக் கொண்டு எலிகளில் கரைத்தார்கள்.

மனிதருக்கு வரும் புற்றுகளில் சிலவும் கிருமியோடு தொடர்புடையவை. கருப்பை வாய்ப் புற்று, சில கல்லீரல் புற்றுகள், மூக்குத் தொண்டைப் புற்று ஆகியவை இதில் அடங்கும். கடைசியாகச் சொன்னது மலேசிய, சிங்கப்பூர் மக்களுக்கு அயலானதன்று. தென்சீன வம்சாவளியினரிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் அது அதிகம். அந்தக் கட்டிகளில் 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டைன்-பார் கிருமி குடியிருக்கிறது. அப்படியானால் எலியில் செய்ததை இங்கும் செய்யலாமே?

செய்து பார்த்தார்கள். நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து டி அணுக்களை எடுத்து, கிருமியைக் காட்டி ஆய்வகத்தில் வளர்த்து, கீமோ மருந்துக்குப் பிறகு அவருக்கே திரும்பச் செலுத்தும் முறை. சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் மையத்தில் 35 நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2014இல் வெளியான முடிவு பெரும் நம்பிக்கை தந்தது. அடுத்துச் சிங்கப்பூர், மலேசியா, தைவான், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் 330 நோயாளிகளைக் கொண்டு பெரிய சோதனை நடந்தது. டி அணு பெற்றவர்களும், கீமோ மட்டும் பெற்றவர்களும் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு.

இந்த டி அணுக்களை வளர்ப்பதற்கு, எப்ஸ்டைன்-பார் கிருமி தொற்றிய பி அணுக்களையே பயிற்சிப் பொருளாகக் காட்டுகிறார்கள். அந்த பி அணுவின் தாம்பாளத்தில் கிருமியின் பல புரதங்களின் துண்டுகள் நிறைந்திருக்கும். மூக்குத் தொண்டைக் கட்டியின் தாம்பாளத்திலோ இரண்டு மூன்று புரதங்களின் துண்டுகள்தான். இப்படி வளர்க்கும்போது பெருவாரியாகப் பெருகுவது, கட்டியில் இல்லாத புரதங்களைத் தேடும் டி அணுக்களே. ஆகவே கட்டியில் உண்மையாக இருக்கும் அந்தச் சில புரதங்களின் துண்டுகளை மட்டும் காட்டி டி அணுக்களைப் பழக்கும் முயற்சிகளில் ஆய்வாளர்கள் இறங்கியிருக்கிறார்கள்.